பெருவிரற் சுவடும் வீட்டுக் கதவும்



நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க வந்து நிற்கும் மூதாட்டி ஒருத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் நீட்டும் சிறு கருவியின்மேல் அவள் தன் விரலை வைக்கிறாள். கருவி சில வேளை உடனே ஏற்றுக்கொள்கிறது. சில வேளை மறுக்கிறது. நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்துபோன விரல் அது. முந்தானையில் துடைத்துக்கொண்டு மீண்டும் வைக்கிறாள். ‘இவள் இன்னாள்தான்’ என்று கருவி சான்று கூறிய பின்னரே அரிசி அளக்கப்படுகிறது.

அந்த விரற் சுவட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அரசாங்கம் மக்களை அடையாளம் காணவும் கண்காணிக்கவும் கருவிகளைத் தேடிய வரலாறு அது. அதனோடு பிணைந்தே மற்றொரு வரலாறும் நடந்து வந்திருக்கிறது: ‘என் வீட்டுக் கதவைக் காரணமின்றித் தட்டாதே’ என்று மக்கள் அரசாங்கத்தை நோக்கிக் கேட்ட வரலாறு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி, இன்று நம்மைச் சூழ்ந்துள்ள கருவிகளைப் பற்றிச் சரியான முடிவுக்கு வர இயலாது. ஆதலின் இன்று அதனைக் குறித்தே பேச விழைகிறேன்.

கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் புகை இன்னும் முற்றும் அடங்காத காலம். 1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜங்கிப்பூர் என்னும் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கில அதிகாரி, சாலை போடுவதற்குரிய பொருளை வாங்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ‘இது என் கையெழுத்தன்று’ என்று நாளை இவர் மறுத்துவிட்டால் என் செய்வது என்ற ஐயம் அதிகாரிக்கு எழுந்தது. ஆகவே கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் பதிக்கச் செய்தார். அன்று தொடங்கிய ஆர்வம் அவரை விடவில்லை. 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் அவர் நீதிபதிப் பொறுப்பில் இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைப்பட்டோர் ஆகியோரின் விரற் சுவடுகளை ஏடுகளில் எடுத்து வைக்கும் வழக்கத்தைப் புகுத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோனாய் தம் கையைப் பதித்தார் என்றால், எந்தத் தாளில் பதிக்கிறோம், எதற்காகப் பதிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒப்பந்தத்துக்கு மட்டுமே அது சான்று. இந்தச் சிறிய செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சுவடுகளை எடுத்துக் குவித்துவிட்டால் மட்டும் போதாது. பட்டியல் இல்லாத நூலகத்தில் வேண்டிய நூலைத் தேடி எடுக்க இயலுமா? அதுபோலவே, ஆயிரக்கணக்கான சுவடுகளில் ஒன்றைத் தேடி எடுக்க வகைப்பாடு வேண்டும். இந்த அரிய பணியைச் செய்து முடித்தவர்கள் வங்காளப் போலீசில் பணியாற்றிய அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்கள். விரல்களில் உள்ள வளைவு, சுழி ஆகியவற்றைக் கணக்கிட்டு, சுவடுகளை 1,024 பிரிவுகளில் அடக்கும் முறை அவர்கள் உழைப்பால் உருவாயிற்று. ஆனால் அது அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் நிறுவப்பெற்றது. 1901இல் இம்முறை இலண்டன் மாநகரின் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது. குற்றம் செய்தவனைப் பிழையின்றிக் கண்டறியவும், குற்றமற்றவனைப் பொய்ப் பழியிலிருந்து மீட்கவும் இக்கருவி பெரிதும் துணை செய்தது. இதனை நாம் மறுத்தல் ஆகாது.

இனி, அதே கருவி நம் மதுரைச் சீமைக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் ஒரு சட்டத்தை இயற்றியது. ஒருவன் குற்றம் செய்தான் என்று மெய்ப்பித்த பிறகு தண்டிப்பது உலகறிந்த நீதி. இச்சட்டமோ, ஒரு குலத்தில் பிறந்ததையே குற்றமாகக் கொண்டது. முதலில் வடநாட்டில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911இல் திருத்தி அமைக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ‘இக்குலத்தார் குற்றப் பரம்பரையினர்’ என்று மாகாண அரசாங்கம் அறிவித்துவிட்டால், அக்குலத்தாரின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும். ஏறியவர்களின் விரற் சுவடுகளை எந்த நேரத்திலும் எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் குறித்த காலத்தில் நேரில் வந்து நிற்க வேண்டும்; இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். இவை யாவற்றினும் கொடிது யாதெனில், அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் வினவக்கூடாது என்று அச்சட்டத்திலேயே எழுதி வைத்திருந்ததுதான்.

மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள் இச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘ரேகைச் சட்டம்’ என்பது. சட்டப் புத்தகம் படியாத உழவர்கள் அதன் சாரத்தை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்கள் அல்லவா? பகலெல்லாம் ஏர் பிடித்தவன் இரவில் தன் வீட்டில் மனைவி மக்களோடு உறங்க இயலாமல், போலீசார் குறித்த இடத்தில் சென்று படுக்க வேண்டியதாயிற்று. அயலூருக்குத் திருமணத்துக்கோ இழவுக்கோ செல்ல வேண்டுமாயின் ‘ராதாரிச் சீட்டு’ என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஓர் ஊரில் திருட்டுப் போனால், பதிவேட்டில் உள்ளவன் அன்றிரவு எங்கே இருந்தான் என்பதே முதல் கேள்வி.

உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் இதற்கு இணங்க மறுத்தார்கள். ‘நாங்கள் உழுது பிழைப்பவர்கள், குற்றம் செய்யாத நாங்கள் ஏன் ரேகை வைக்க வேண்டும்?’ என்பதே அவர்கள் எழுப்பிய வினா. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஆயுதம் தாங்கிய போலீசார் அவ்வூரை வந்து சூழ்ந்தனர். பேச்சு முற்றியது, துப்பாக்கிகள் வெடித்தன. 16 உயிர்களுக்குக் குறையாமல் அன்று மடிந்தன. வீழ்ந்து கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்ற மாயக்காள் என்னும் பெண்மணியும் அவர்களுள் ஒருவர். பெருவிரலைத் தாளில் பதிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக உயிர் கொடுத்த ஊர், மாணவர்களே, நம் நாட்டில் இருக்கிறது. அங்குள்ள நினைவுத் தூணில் ஆண்டுதோறும் அந்நாளில் மாலை சாற்றுகிறார்கள்.

அம்மக்களுக்காக வாதாடியவர்களுள் மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப் முதன்மையானவர். சட்டையில் ரோசாப்பூச் செருகியிருந்த அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று மக்கள் அன்போடு அழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றோர் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது; 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு முழுவதும் ஒழிந்தது.

ஹூக்ளியில் ஓய்வூதியம் பெற்ற முதியவரின் விரற் சுவடும், பெருங்காமநல்லூர் உழவரிடம் கேட்கப்பட்ட விரற் சுவடும் ஒன்றுதானே? மையும் ஒன்று, தாளும் ஒன்று. அவ்வாறிருக்க, ஒன்று பணியாகவும் மற்றொன்று கொடுமையாகவும் ஆனது எதனால்? இவ்வினாவோடு மேலே செல்வோம்.

அந்நிய ஆட்சி போயிற்று. நமக்கென்று அரசியல் சாசனம் வந்தது. அதனோடு இச்சிக்கலும் தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்ற ஒருவர் இருந்தார். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் அவர் பெயரில் ஒரு வரலாற்றேடு திறந்தனர். அவருடைய வீட்டை மறைந்திருந்து பார்த்தனர்; வருவார் போவார், வரவு செலவு, பழக்க வழக்கம் அனைத்தையும் குறித்தனர். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பி, ‘உள்ளே இருக்கிறாயா?’ என்று கேட்டனர். அவர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார்.

1962ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினர். அதனை எழுதியவர் முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி இராஜகோபால ஐயங்கார். இரவில் வீடு புகுந்து எழுப்புவது தனிமனிதச் சுதந்திரத்துக்கு மாறானது என்று அப்பகுதி மட்டும் தள்ளப்பட்டது. ஆனால் அந்தரங்கம் என்பது நம் சாசனம் உறுதியளித்த உரிமையன்று என்று பெரும்பான்மையோர் கூறினர். மறைந்திருந்து பார்க்கும் மற்ற முறைகள் நிலைபெற்றன. இதற்கு இணங்காதவர் நீதிபதி சுப்பாராவ். அவரும் சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்தவரே. கால்களில் விலங்கில்லை என்பதால் ஒருவன் சுதந்திரமாக நடக்கிறான் என்று சொல்லிவிட முடியுமா? ஒவ்வோர் அடியிலும் போலீசின் பார்வை தொடருமாயின், அவனுக்கு இந்நாடு முழுவதுமே சிறைச்சாலை அன்றோ என்பது அவர் கருத்து. நீதிபதி ஷா அவரோடு உடன்பட்டார். ஆறு பேரில் இருவர் சொன்ன இக்கருத்து, அன்று சட்டம் ஆகவில்லை.

இவ்விடத்தில் என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், ஒரு பள்ளி விடுதிக்கு நான் காப்பாளனாக இருந்தேன். மாணவர்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகே கொடுப்பது அங்கு வழக்கம். தீய நட்பிலிருந்து பிள்ளைகளைக் காக்கவே அவ்வாறு செய்கிறோம் என்று நானும் உளமார நம்பினேன். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பையனுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். எழுதத் தெரியாத தாய் யாரையேனும் கொண்டு எழுதுவித்து அனுப்புவாள். வீட்டில் பட்ட கடன், தந்தையின் குடிப்பழக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஒருநாள் அவன் பாடத்தில் தவறியபோது, ‘உன் வீட்டு நிலையை அறிந்துமா இப்படி இருக்கிறாய்?’ என்று நான் வகுப்பில் கேட்டுவிட்டேன். நல்லெண்ணத்தோடுதான் கேட்டேன். அவன் தலை குனிந்தான். அதன் பிறகு அவனுக்குக் கடிதமே வரவில்லை. விசாரித்ததில், ‘இனி எழுத வேண்டாம்’ என்று தாய்க்கு அவனே சொல்லிவிட்டான் என்று தெரிந்தது.

அந்தப் பையன் எக்குற்றமும் செய்தவனல்லன். அவனுடைய தாயும் மறைக்கத்தக்க தீமை எதையும் எழுதவில்லை. ‘தவறு செய்யாதவனுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று இன்று பலர் கேட்கும்போதெல்லாம் குனிந்த அந்தத் தலை என் நினைவுக்கு வருகிறது. மறைக்க வேண்டியது குற்றம் மட்டுமன்று. வறுமையும் நோயும் துயரமும் அன்புங்கூட மனிதன் தான் விரும்பியவர்களிடம் மட்டுமே திறந்து காட்டுபவை. என் எண்ணத்தில் பிழையில்லை. ஆயின் எந்தக் கடிதத்தைப் படிக்கலாம், படித்ததை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு இருக்கவில்லை. என்னைக் கேட்பாரும் இருக்கவில்லை. அடுத்த வாரமே அவ்வழக்கத்தை நிறுத்தினேன். அந்தக் கடிதங்கள் திரும்பி வரவில்லை.

வரம்பும், கேட்பாரும் என்னும் இவ்விரண்டையே நம் நீதிமன்றங்களும் பல ஆண்டுகளாகத் தேடி வந்தன. தொலைபேசியை ஒட்டுக் கேட்கும் அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து அரசாங்கத்துக்கு உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வேலி இட்டது. உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். ஆணை இரண்டு மாதத்துக்கே செல்லும். எவ்வாறாயினும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. அதனை ஆராய ஒரு குழு வேண்டும் என்று விதித்தது. 2008ஆம் ஆண்டு மும்பையில் நடந்த கொடிய தாக்குதலின்போது, கொலையாளிகள் தம்மை ஏவியவர்களோடு பேசிய பேச்சு ஒட்டுக் கேட்கப்பட்டது. பின்னர் வழக்கில் அது வலிய சான்றாயிற்று. ஆகவே ஒட்டுக் கேட்பதே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் நம் சென்னை உயர்நீதிமன்றம், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்று கூறி ஓர் ஆணையைத் தள்ளியது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கருவி எங்கே நிற்க வேண்டும் என்பது ஒருவாறு விளங்கும்.

பெரிய தீர்ப்பு 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வந்தது. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி, எண்பதைக் கடந்த பருவத்தில், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் எழுந்த அடிப்படை வினாவை ஒன்பது நீதிபதிகள் விசாரித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கரக் சிங் வழக்கில் பெரும்பான்மையோர் அந்தரங்கத்தைப் பற்றிச் சொன்னது தள்ளப்பட்டது. தனித்து நின்ற சுப்பாராவின் கருத்துச் சரியானது என ஏற்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த சொல் அது.

அத்தீர்ப்பு இவ்வுரிமைக்கு எல்லையே இல்லை என்று கூறவில்லை. அரசாங்கம் இதில் குறுக்கிடலாம். ஆனால் விடை சொல்ல வேண்டிய வினாக்கள் உண்டு. அவற்றை நான் வகுப்பறைத் தமிழில் நான்காகத் தொகுத்துச் சொல்கிறேன். சட்டம் உண்டா? நேர்மையான நோக்கம் உண்டா? நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேற்படாமல் இருக்கிறதா? தவறாகப் பயன்படுத்தினால் தடுக்கும் காப்பு உண்டா?

இப்பொழுது பெருங்காமநல்லூருக்குத் திரும்புவோம். ரேகைச் சட்டத்துக்கு முதல் வினாவில் வெற்றிதான், சட்டம் இருந்தது! குற்றத்தைத் தடுப்பதே நோக்கம் என்று இரண்டாம் வினாவுக்கும் விடை கூறியிருப்பார்கள். மூன்றாவதில் அது வீழ்கிறது. சிலர் செய்ததற்காகப் பிறந்தவர் அனைவரையும் பதிவேட்டில் ஏற்றியது. நான்காவதில் அடியோடு வீழ்கிறது. நீதிமன்றத்தின் வாயையே கட்டியது. சட்டம் ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதனை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆதார் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு வந்தது. ஐவரில் நால்வர், ஏழைகளுக்கு உதவிகள் சென்று சேர ஆதார் பயன்படலாம் என்று ஏற்றனர். வங்கிக் கணக்கோடும் கைப்பேசி எண்ணோடும் அதனை இணைத்தே தீர வேண்டும் என்பதைத் தள்ளினர். பள்ளியில் சேர்வதற்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்றும் கூறினர். யார் எப்பொழுது விரல் வைத்தார் என்ற குறிப்பை ஐந்தாண்டுக் காலம் வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஆறு மாதமாகக் குறைத்தனர். ஜங்கிப்பூர்க் கோனாயின் தாள் நினைவுக்கு வருகிறதா? எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு மட்டும். எவ்வளவு காலத்துக்குத் தேவையோ அவ்வளவு காலத்துக்கு மட்டும்.

கருவிகள் அதன் பிறகும் வளர்ந்துகொண்டே வருகின்றன. 2021இல் தமிழகக் காவல்துறை முகத்தைக் கொண்டு ஆளை அறியும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியது. காணாமற்போன குழந்தையைத் தேடவும் தேடப்படும் குற்றவாளியைப் பிடிக்கவும் அது பெருந்துணை. ஆனால் விரற் சுவடு எடுக்க வந்தவனை உழவன் கண்ணால் கண்டான். ‘மாட்டேன்’ என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. கம்பத்தின்மேல் இருக்கும் கருவி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆகவே பழைய வினாக்கள் முன்னிலும் கூர்மையாகக் கேட்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டம், கைதானோரின் விரற் சுவடோடு கண்மணியின் அமைப்பையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் தருகிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்ற காப்பும் அதில் உண்டு. நீதிபதி வேறுவகையாக ஆணையிட்டால் அழிக்க வேண்டியதில்லை. 2023இல் மக்களின் தகவல்களைக் காக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கம் தன் அமைப்புகளுள் சிலவற்றுக்கு விலக்களித்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. இவற்றின் நன்மை தீமைகளை நீங்களே அந்நான்கு வினாக்களைக் கொண்டு அளந்து பாருங்கள்.

பழைய பதிவேடு முற்றிலும் மறைந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், காவல் நிலைய வரலாற்றேடுகளில் எளிய குலங்களைச் சேர்ந்த குற்றமற்றோரின் பெயர்கள் இயந்திரம்போல் எழுதப்படுகின்றனவா என்று ஆராய்ந்து தம் விதிகளைத் திருத்துமாறு மாநிலங்களை அறிவுறுத்தியது. ரேகைச் சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அறிவுரை வேண்டியிருந்தது. முன்னே மனிதன் எழுதிய பதிவேட்டை இனிப் பொறி படிக்கும். ஏட்டில் அநீதி இருந்தால், பொறி அதனைத் திருத்தாது, விரைவுபடுத்தும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை போலீஸ் அதிகாரிகள் ஆவீர்கள். சிலர் நீதிபதிகள் ஆவீர்கள். சிலர் இக்கருவிகளை ஆக்கும் பொறியியல் வல்லுநர்கள் ஆவீர்கள். ஒரு பதிவேட்டில் ஒருவருடைய பெயரை எழுதும் பொறுப்பு உங்கள் கைக்கு வரும்போது, எதற்காக எழுதுகிறோம், எவ்வளவு காலத்துக்கு எழுதுகிறோம், அவர் வந்து ‘ஏன்?’ என்று கேட்டால் விடை சொல்லுமிடம் எது என்று ஒரு கணம் நின்று எண்ணுங்கள். பெருங்காமநல்லூரில் கேட்கப்பட்ட வினா அதுவே. அன்று அதற்கு விடை சொல்லாமல் துப்பாக்கியை எடுத்தார்கள். நாம் நம் சட்டங்களிலும் கருவிகளிலும் விடை சொல்லக் கற்றுக்கொள்வோம்.